ஓர் இணைப்பு, இரு கணினிகள்: நடுவில் நடப்பது என்ன?

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியிழை இணைப்பும் ரௌட்டரும் வரவேற்பறையில் இருக்கின்றன. படுக்கையறையில் வைஃபை வசதி இல்லாத பழைய மேசைக் கணினி ஒன்றும், அதன் அருகிலேயே வைஃபை வழியாக இணையத்தில் இருக்கும் மடிக்கணினி ஒன்றும் உள்ளன. இவ்விரண்டையும் ஓர் ஈதர்நெட் கம்பிவடத்தால் இணைத்து, மடிக்கணினியின் இணைப்பைப் பகிர்ந்துகொண்டால், புதிய கருவி எதுவும் வாங்காமலே மேசைக் கணினிக்கும் இணையம் கிடைத்துவிடும்.

விண்டோஸ் இயங்குதளத்தில் இவ்வசதி 1999இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. நெட்வொர்க் இணைப்புகளின் பட்டியலில், இணையம் எந்த இணைப்பின் வழியாக உள்ளே வருகிறதோ அந்த இணைப்பின் பண்புகளைத் திறந்து, பகிர்வை இயக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது வைஃபை இணைப்பு. மேசைக் கணினிக்குச் செல்லும் ஈதர்நெட் இணைப்பில் பகிர்வை இயக்கினால் பயனில்லை.

பகிர்வு தொடங்கியதும் மடிக்கணினி ஒரு சிறிய ரௌட்டராகவே மாறிவிடுகிறது. இன்றைய விண்டோஸில் அதன் ஈதர்நெட் முனைக்கு 192.168.137.1 என்ற ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளங்காட்டும் எண், அமைகிறது. மேசைக் கணினி முகவரி கேட்கும்போது, அதே வரிசையில் ஒன்றை, 192.168.137.25 என்று வைத்துக்கொள்வோம், மடிக்கணினியே வழங்குகிறது. இத்தகைய தனிப்பட்ட முகவரிகள் உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் புழங்குவதால், வெளியிலுள்ள எந்தச் சர்வராலும் அவற்றைத் தேடிப் பதில் அனுப்ப முடியாது.

முகவரி மாற்றம் என்ற உத்தி இங்கேதான் கைகொடுக்கிறது. மேசைக் கணினி ஓர் இணையத்தளத்தைக் கேட்டு அனுப்பும் தரவுப் பொட்டலத்தில், அனுப்புநர் முகவரியுடன் 51000 போன்ற ஒரு போர்ட் எண்ணும் இருக்கும். சிங்கப்பூரில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு கட்டடத்தையும், வீட்டு எண் அதற்குள் இருக்கும் வீட்டையும் காட்டுவதைப்போல, ஐபி முகவரி கணினியையும், போர்ட் எண் அதற்குள் நடக்கும் குறிப்பிட்ட உரையாடலையும் காட்டுகிறது. மடிக்கணினி அந்தப் பொட்டலத்தின் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதுகிறது. போர்ட் எண்ணையும் தேவைப்பட்டால் 62041 என்பதுபோல் வேறொன்றாக மாற்றி, பிழை கண்டறிய உதவும் கூட்டெண்ணைப் புதிதாகக் கணக்கிட்டு, வெளியே அனுப்புகிறது. அதே கணத்தில், 62041க்கு வரும் பதில் 192.168.137.25இன் 51000க்கு உரியது என்று தன் அட்டவணையில் குறித்துவைக்கிறது. பதில் வந்ததும் அக்குறிப்பைப் பார்த்து, பெறுநர் முகவரியைத் திருத்தி மேசைக் கணினிக்குத் தள்ளிவிடுகிறது. இந்த அட்டவணைதான் முழு ஏற்பாட்டின் உயிர் என்பேன்; கம்பிவடத்தையும் அமைப்புகளையும் பற்றி விரிவாகப் பேசும் விளக்கங்கள் பல இதைத் தொடாமலே போவது வருத்தம் தருகிறது.

மடிக்கணினியின் முகவரியும் ரௌட்டர் தந்த தனிப்பட்ட முகவரிதான் என்பதால், பொட்டலம் வீட்டைவிட்டு வெளியேறும் முன் ரௌட்டரில் இரண்டாம் முறையும் இதே மாற்றத்துக்கு உள்ளாகிறது.

இந்த உத்தியை எகவாங், பிரான்சிஸ் ஆகிய இருவரும் 1994 மே மாதம் ஆவணமாக வெளியிட்டபோது, அதை ஐபி முகவரிப் பற்றாக்குறைக்கான குறுகியகாலத் தீர்வாகவே முன்வைத்தனர். மேலே கண்டவை போன்ற, 32 பிட் நீளமுள்ள பழைய முறை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலக அளவிலான இருப்பில் எஞ்சிய கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டு முடிந்தன. அதன் பிறகும் கோடிக்கணக்கான கருவிகள் பழைய முகவரி முறையிலேயே இயங்குவதற்கு இந்த முகவரி மாற்றம் ஒரு முக்கியக் காரணம்.

மடிக்கணினி உறங்கும் நிலைக்குப் போனால் மேசைக் கணினியின் இணையமும் அந்த நொடியே துண்டிக்கப்படும் என்பதால், மின்சேமிப்பு அமைப்பை மாற்றிவைப்பது நல்லது. மேலும், வெளியிலிருந்து யாராவது தாமாகவே மேசைக் கணினியைத் தொடர்புகொள்ள முயன்றால், அட்டவணையில் அதற்குரிய குறிப்பு இராது. அப்பொட்டலம் மேசைக் கணினியை எட்டாது. அதில் விளையாட்டுச் சர்வர் ஒன்றை நடத்த விரும்புபவர், குறிப்பிட்ட போர்ட்டுக்கு வருவதை உள்ளே அனுப்பும்படி ரௌட்டரிலும் மடிக்கணினியிலும் தாமே முன்கூட்டி அமைத்துவைக்க வேண்டும்.