மாத்திரைக்கு முன்னால் மல மாதிரி

வயிற்றால் போகிறது என்றதும் தெருமுனை மெடிக்கலில் இரண்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது சென்னையில் சர்வசாதாரணம். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து மாதிரி கொடுத்தால் பெரும்பாலும் கிருமி வளராது. நோயாளி பிழைத்துக்கொள்வார், சந்தோஷம். ஆனால் அவர் தெருத் தண்ணீரில் என்ன கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது ஆய்வகத்தில் இருக்கும் எங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

காலரா சந்தேகம் என்றால் மலத்தில் தோய்த்த பஞ்சுக்குச்சியை, கிருமி வழியில் செத்துப்போகாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் வைத்து அனுப்பச் சொல்வோம். வந்ததும் காலராக் கிருமி செழித்து வளரும் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் போட்டு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வைப்போம். விப்ரியோ, அதாவது காலராக் கிருமி, காற்றைத் தேடும்; மேலே ஏறி வந்துவிடும். குழாயைக் குலுக்காமல் மேல்மட்டத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும். புதிதாகச் சேரும் டெக்னீஷியன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். விப்ரியோவைப் பிரித்தெடுப்பதற்கான டி.சி.பி.எஸ். அகார் என்ற வளர்ப்புத் தட்டில் இழைத்து வைத்தால் மறுநாள் பச்சைத் தட்டில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள் தெரியும். அதைச் சாதாரண அகாரில் மறுபடி வளர்த்து, கண்ணாடித் தகட்டில் ஓ1 என்ற காலரா வகையை மட்டும் திரள வைக்கும் ஆன்டிசீரம் ஒரு சொட்டு விட்டுக் கலந்து, சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். சில நொடிகளில் திரிதிரியாகத் திரண்டால் ஓ1.

திரளவில்லை என்றால்? 'காலரா இல்லை' என்று எழுதி ஃபைலை மூடிவிடத் தோன்றும். 1992 அக்டோபரில் இதே மெட்ராஸில் அப்படி மூடியிருந்தால் பெரிய விஷயம் ஒன்று தவறியிருக்கும். நோயாளிகளுக்கு இருந்தது அசல் காலரா. கிருமியோ ஓ1 சீரத்தில் திரளவில்லை. அதுவரை ஓ1 மட்டும்தான் கொள்ளைநோயாகப் பரவும் என்பது பாடம். தெரிந்த 138 வகைகளில் எதிலும் சேராத அந்தக் கிருமி ஓ139 ஆனது. சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் என்று வங்கக் கடலோரமாகவே பரவியதால் 'பெங்கால்' என்ற பெயரும் சேர்ந்தது. ஓ1-ஆல் வந்த எதிர்ப்பு சக்தி இதனிடம் செல்லவில்லை. அதனால் பெரியவர்களும் நிறையப் பேர் படுத்தார்கள்.

அந்த மெட்ராஸ் கிருமிகளில் ஒன்றான எம்.ஓ.10-இல்தான் எஸ்.எக்ஸ்.டி. என்ற மரபணுத் துண்டைக் கண்டுபிடித்தார்கள். கோ-ட்ரைமாக்சசோல், ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால் மூன்றையும் எதிர்க்கும் மரபணுக்கள் அதில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். மொத்தமாகவே ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அப்புறம் ஓ1 திரும்பத் தலையெடுத்தபோது அதனிடமும் இதே மாதிரி துண்டு இருந்தது. 90களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் கிடைத்த ஓ139-ஓ கோ-ட்ரைமாக்சசோலுக்கு மறுபடி கட்டுப்பட்டது! பழைய ரிப்போர்ட்டை நம்பி இந்த வருஷம் மருந்து எழுத முடியாது என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

இன்றைக்குப் பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 300 மி.கி. ஒரே வேளை, அது கேட்காத இடத்தில் அசித்ரோமைசின் 1 கிராம். பெரும்பாலும் நம்பியிருப்பது இவற்றைத்தான். யேமனில் 2018 கடைசியிலிருந்து, அசித்ரோமைசினையும் சேர்த்துப் பல மருந்துகளை எதிர்க்கும் பிளாஸ்மிட் (கிருமிக்குக் கிருமி தாவும் வட்டமான டி.என்.ஏ. துண்டு) காலராக் கிருமியில் பரவிவிட்டது.

மரபணு வரிசையைப் படித்தால் இன்னொரு லாபமும் உண்டு. காலராக் கிருமியின் டி.என்.ஏ.வில் சுமார் 40 லட்சம் எழுத்துகள். இரண்டு வார்டுகளில் கிடைத்த கிருமிகள் ஓரிரு எழுத்தில் மட்டும் வேறுபட்டால், இரண்டுக்கும் பொதுவான குழாயையோ தண்ணீர் லாரியையோ தேட வேண்டும். நிறைய வேறுபட்டால் சாக்கடை கலக்கும் இடம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். ஒரு உடைப்பை அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனால் ஓ.ஆர்.எஸ். கரைசலை உடனே ஆரம்பித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். உயிரைக் காப்பது அதுவும் டிரிப்ஸும்தான். ஆன்டிபயாடிக் அதற்கு அடுத்த துணை. டாக்டர்களும் நர்ஸ்களும் முதல் டோஸுக்கு முன் மாதிரியை எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை, அதற்காகச் சிகிச்சை தாமதமாகாது. ரிசல்ட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். படிவத்தில் பெயர், வயதோடு நிறுத்தாமல் தெரு, வார்டு, குடித்தது குழாய்த் தண்ணீரா, லாரியா, கேனா என்பதையும் எழுதுங்கள். அந்த வரி காலியாக வந்தால், கிருமியின் வகையைக் கண்டுபிடித்தும் எந்தத் தெருவில் குழாயைத் தோண்டச் சொல்வது என்று எங்களால் சொல்ல முடியாது.