கால் யூனிட் கரண்டும் பன்னிரண்டு கிலோ சைக்கிளும்

கீழமாசி வீதியில் எங்களுக்குப் பழக்கமான அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று இருக்கிறது. நண்பர் புதிதாக வாங்கிய மின் சைக்கிளை அதில் ஏற்றிப் பார்த்தோம். விலை அட்டையில் போட்டிருந்தது 11.8 கிலோ. தராசு காட்டியது 13.9. நண்பருக்கு முகம் வாடிவிட்டது.

யாரும் ஏமாற்றவில்லை. நண்பருடையது போன்ற ரோடு சைக்கிள்களின் (மெல்லிய டயர் போட்டு, குனிந்து ஓட்டும் வேகச் சைக்கிள்கள்) எடையைப் பெரும்பாலும் பெடல் இல்லாமல்தான் சொல்வார்கள். பெடல் இரண்டும் சேர்த்து 350 கிராம். தண்ணீர் நிரம்பிய பாட்டில் தாங்கியோடு முக்கால் கிலோவைத் தாண்டும். பூட்டு அரை கிலோ. கையடக்க பம்ப், மாற்று ட்யூப், முன்விளக்கு, பின்விளக்கு எல்லாம் சேர்ந்தால் மீதிக் கணக்கு சரியாகிவிடும். ஆக, அட்டையில் என்ன போட்டிருந்தாலும் இரண்டு கிலோ கூட்டிக்கொள்வதுதான் நடைமுறை.

சரி, 12 கிலோ என்பது கனமா, லேசா? நம் ஊரில் பால்காரர் ஓட்டும் இரும்புச் சைக்கிளே சுமார் 20 கிலோ வரும். பேட்டரி வைத்த சாதாரண மின் சைக்கிள்கள் 20 முதல் 25 கிலோ, அதாவது கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசி. பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சம்மேளனம் 2000ஆம் ஆண்டு முதல் விதி வைத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் லேசான மின் ரோடு சைக்கிள். 2019இல் வந்த ஸ்பெஷலைஸ்டு டர்போ கிரியோவின் உயர்ந்த மாடல் 12.2 கிலோ. 2022இல் வந்த ட்ரெக் டொமானே பிளஸ் எஸ்எல்ஆரின் மேல்மட்ட மாடல் 12 கிலோவுக்குச் சற்றுக் கீழே. மோட்டாரும் பேட்டரியும் இருந்தும் இவ்வளவுதான் என்றால், எடை எப்படி மிச்சமாகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் பேட்டரி. சைக்கிளின் கீழ்க்குழாய்க்குள் ஒளிந்திருக்கும் பேட்டரியைப் பிரித்தால், ரிமோட்டில் போடும் பென்சில் பேட்டரியை விடச் சற்றுப் பெரிய உருளைகள் இருக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். ஒன்று 50 கிராமுக்குள்தான். ஒவ்வொன்றிலும் சுமார் 12 வாட்-மணி மின்சாரம். பத்தை வரிசையாக இணைத்தால் 36 வோல்ட். அப்படி இரண்டு வரிசை, மொத்தம் 20 உருளைகள் வைத்தால் ஏறத்தாழ 250 வாட்-மணி. கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் 1,000 வாட்-மணி. அப்படியானால் இது கால் யூனிட். உருளைகள் மட்டும் ஒரு கிலோ; உறை, ஒயர், காவல் சர்க்யூட் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை கிலோவைத் தாண்டும். இதே கால் யூனிட்டைப் பழைய ஈய-அமில பேட்டரியில் வைத்திருந்தால் ஏழெட்டுக் கிலோ ஆகியிருக்கும். லித்தியம் வராமல் இந்தச் சைக்கிளே வந்திருக்காது.

கனமான மின் சைக்கிள்களில் 500 வாட்-மணிக்கும் மேலே வைக்கிறார்கள். அதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பேட்டரி பெரிதானால் அதைத் தாங்கத் தடித்த பிரேம் வேண்டும். பிரேம் தடித்தால் டயரும் பிரேக்கும் பெரிதாக வேண்டும். அவ்வளவையும் மேட்டில் இழுக்க மோட்டாருக்குப் பலம் வேண்டும். பலமான மோட்டார் கரண்டை வேகமாகக் குடிக்கும். திரும்பவும் பெரிய பேட்டரி. லேசான சைக்கிளை வடிவமைத்தவர்கள் இந்தச் சுற்றைத் தலைகீழாகச் சுற்றினார்கள்: மோட்டார் கொஞ்சம்தான் உதவும், மீதி உங்கள் கால் என்று ஒப்புக்கொண்டதும் எல்லாமே சிறுத்துவிட்டது. மலைப்பாதை மின் சைக்கிள்களில் வரும் பாஷ் மோட்டார் சுமார் 3 கிலோ, திருகுவிசை (அச்சைச் சுழற்றும் பலம்) 85 நியூட்டன் மீட்டர். அந்த 2019 கிரியோவின் மோட்டார் 1.95 கிலோ, திருகுவிசை 35.

மோட்டாரின் எடையைத் தீர்மானிப்பது இந்தத் திருகுவிசைதான். அதிகம் திருக வேண்டுமானால் காந்தமும் செம்புக் கம்பியும் அதிகம் வேண்டும், இரண்டும் கனமானவை. அதனால் சிறிய மோட்டாரை வேகமாகச் சுழலவிட்டு, உள்ளே பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்துத் திருகுவிசையைக் கூட்டுகிறார்கள். பல்சக்கரமே இல்லாமல் சக்கரத்தோடு நேரடியாகச் சுழலும் மோட்டார்களும் உண்டு. அவை நான்கைந்து கிலோ வரும். கரண்ட் நின்றாலும் காந்தம் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

எடை எங்கே உறுத்தும் என்பதற்கு இனி வருவோம். எடை குறைந்தால் எல்லா இடத்திலும் லாபம் என்று கடைகளில் சொல்வார்கள். நான் கண்ட கணக்கு அதற்குப் பாதி எதிரானது. மதுரையிலிருந்து மேலூர் போகும் சமதரையில், காற்றில்லாத காலை நேரத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். சைக்கிளில் 10 கிலோ கூடுதலாக இருந்தால் அதற்காக நீங்கள் கொடுக்க வேண்டியது மூன்று நான்கு வாட். காற்றைக் கிழிக்க அதே நேரத்தில் அறுபது எழுபது வாட் போகிறது. அதாவது குனிந்து ஓட்டினால் கிடைக்கும் லாபம், பத்துக் கிலோ குறைத்தால் கிடைப்பதை விடப் பெரிது. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு மட்டும் போகிறவர், லேசான சைக்கிளுக்காக லட்சக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

மேடு வந்ததும் கதை மாறுகிறது. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் அதே 10 கிலோவுக்கு 20 வாட் கூடுதலாக வேண்டும். சாதாரணமாகப் பழகியவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடியது நூறு நூற்றைம்பது வாட்தான் என்பதால், இந்த 20 வாட் நன்றாகவே தெரியும். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். இரும்புச் சைக்கிளில் அங்கே ஏறியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கொடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். வத்தலக்குண்டிலிருந்து ஏறினால் உயரம் 1,700 மீட்டருக்கு மேல். ஆள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 84 கிலோ என்றால், அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே கிட்டத்தட்ட 390 வாட்-மணி வேண்டும். கால் யூனிட் பேட்டரியில் வெப்பமாக வீணாவது போகச் சக்கரத்துக்கு வந்து சேர்வது 200 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, பாதி மலையைப் பேட்டரி ஏறும். மீதிப் பாதியை நீங்கள் ஏற வேண்டும். சைக்கிள் 10 கிலோ கனமாக இருந்தால் கணக்கில் இன்னும் 46 வாட்-மணி சேரும். பேட்டரி பெருமாள்மலைப் பக்கம் தீர்ந்துபோனால், மிச்ச ஏற்றத்துக்கு உங்களிடம் இருப்பது எத்தனை கிலோ சைக்கிள் என்பதே கேள்வி.

பின்சக்கர அச்சில் மோட்டார் இருந்தால் இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும். செங்குத்தான வளைவில் 8 கிலோமீட்டராகக் குறைந்தால் 63 சுற்றுதான். மெதுவாகச் சுற்றும் மோட்டாரில் கரண்டின் பெரும்பங்கு சூடாக மாறிவிடும். சித்திரை வெயிலில் அது தானாகவே உதவியைக் குறைத்துக்கொள்ளும். பெடல் அச்சில் உள்ள மோட்டாருக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் சைக்கிளின் கியரே அதற்கும் கியர். கியரைக் குறைத்தால் மோட்டாரும் சுகமாகச் சுற்றும்.

அப்புறம் 25 கிலோமீட்டர் எல்லை. நம் நாட்டு விதிப்படி மோட்டார் 250 வாட்டைத் தாண்டாமல், 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிட்டால், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால், அந்த மின் சைக்கிளுக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். குழுவாக ஓட்டுகிறவர்கள் சமதரையில் 28, 30 வேகத்தில் போவார்கள். அப்போது மோட்டார் தூங்கிக்கொண்டிருக்கும். ஓட்டுநரின் கால்தான் எல்லாம். அந்த நேரத்தில் சைக்கிள் சைக்கிளாக ஓட வேண்டும்: உள்ளே ஒருவழிக் கிளட்ச் இருந்து மோட்டார் விலகிக்கொள்ள வேண்டும், டயர் மெல்லியதாக இருக்க வேண்டும், உடல் குனிய இடம் வேண்டும். லேசான மின் சைக்கிளின் உண்மையான அருமை இங்கேதான்.

எடையை நான் தினமும் உணர்வது மாடிப்படியில். என் வீடு இரண்டாவது மாடி, முப்பத்திரண்டு படி, நடுவில் ஒரு குறுகலான திருப்பம். 14 கிலோவை மேல்குழாயைத் தோளில் போட்டு ஒரே மூச்சில் ஏற்றிவிடுவேன். பக்கத்து வீட்டு அண்ணனின் 24 கிலோ மின் சைக்கிளை ஒருநாள் தூக்கிப் பார்த்தேன். திருப்பத்தில் ஹேண்டில்பார் சுவரில் இடித்து நின்றுவிட்டது, இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதனால் அவர் அதைக் கீழேயே வைத்துவிட்டு, சார்ஜ் போட பேட்டரியை மட்டும் கழற்றி மேலே கொண்டுவருகிறார். லேசான சைக்கிள் பலவற்றில் பேட்டரி குழாய்க்குள் நிரந்தரமாக இருக்கும். சைக்கிளையே பிளக் பாயிண்ட் வரை கொண்டுபோயாக வேண்டும். வெயிலில் நின்றுவிட்டு வந்ததும் சார்ஜ் போடக் கூடாது. பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுவது நல்லது.

கடைசியாக, சீமைக்கருவேல முள். அழகர்கோவில் சாலையில் ஓரமாக ஒதுங்கினாலே போதும், ஏறிவிடும். பின்சக்கரத்தில் மோட்டார் உள்ள சைக்கிளில் பஞ்சர் என்றால், முதலில் ஸ்விட்சை அணைத்து, மோட்டாரின் ஒயர் இணைப்பைப் பிரித்து, அச்சின் நட்டுகளை ஸ்பானர் போட்டுக் கழற்ற வேண்டும். ஒயர் இணைப்பில் இருக்கும் அம்புக்குறியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது இரண்டு அம்பும் நேருக்கு நேர் வந்தால்தான் உள்ளே போகும், அழுத்தித் திணித்தால் ஊசி வளைந்துவிடும். நண்பருக்கு முதல் தடவை நாற்பது நிமிடம் ஆனது. இப்போது பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார். அந்த 15 எம்எம் ஸ்பானருக்காக இன்னொரு 120 கிராம் அவர் பையில் ஏறியிருக்கிறது.