இரண்டரையா, இருபத்தைந்தா?

அச்சுக்கு முன் பிழை பார்க்கும் மெய்ப்புத் தாளில் சிவப்பு மையால் ஒரு வட்டம். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: “இரண்டரையா, இருபத்தைந்தா?”

குழந்தைகளுக்கான மருந்து ஒன்றை எந்த அளவில் கொடுக்க வேண்டும் என்று விளக்கும் துண்டறிக்கை அது. நான் பக்க வடிவமைப்பு வேலைக்கு வந்து இரண்டாம் ஆண்டு. திரையில் 2.5 மி.லி. என்று பளிச்சென்று இருந்தது, அச்சகத்திலிருந்து வந்த தாளில் 25 மி.லி. ஆகியிருந்தது. கோப்பைத் திறந்து பார்த்தேன். புள்ளி தன் இடத்திலேயே இருந்தது. மெய்ப்புத் திருத்திய அம்மாவிடம் அதைக் காட்டி வாதாடப் போனேன். “தம்பி, இதைக் கையில் வாங்குகிறவர் உன் கோப்பைத் திறந்தா பார்ப்பார்?” என்று கேட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

புள்ளி எங்கே போனது என்பதற்குப் பதில் எளியது. கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. அளவு 7 பாயிண்ட். அதுவும் மெல்லிய எழுத்துரு. அச்சில் வெள்ளை என்று ஒரு மை கிடையாது. மை படாமல் விட்ட தாள்தான் வெள்ளை. அந்தக் கருநீலமோ இரண்டு மைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உண்டாவது. மை தாளில் பட்டதும் சற்றே பரவும். ஒவ்வொரு மைக்கும் ஓர் அச்சுத் தகடு; இரண்டு தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் இன்னொரு நிறம் உள்ளே புகும். நான்கு பக்கமும் மை நெருக்க, நடுவிலிருந்த துளி வெள்ளை மூடிப்போனது.

இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த எழுத்துருத் தவறுகளில் பெரும்பாலானவை இதே வகைதான். எழுத்துருவைப் பெரிதாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம், சிறிதாகப் படிக்க வைக்கிறோம். திரையில் 300 சதவீதம் பெரிதாக்கி, ‘ஆகா, என்ன வளைவு!’ என்று வியந்து வாங்கிய எழுத்தை 8 பாயிண்டில் இறக்கினால் அது வேறு எழுத்து. இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பழைய உலோக அச்சுக்காரர்களுக்கோ இது பாலபாடம்.

அவர்கள் எழுத்தை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் காரணம் விளங்கும். எஃகுக் கம்பியின் நுனியில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்குவார்கள். அந்தப் பள்ளத்தைக் கைவார்ப்பு அச்சில் பொருத்தி, ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். பிறந்து விழுவது ஓர் அச்செழுத்து. 12 பாயிண்ட் வேண்டுமென்றால் அதற்கு ஒரு தொகுதி எஃகு. 8 பாயிண்டுக்கு இன்னொரு தொகுதி. ஆங்கிலத்தில் ‘ஃபான்ட்’ என்ற சொல்லே வார்ப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. அந்நாளில் அது ஓர் எழுத்துக் குடும்பத்தின் ஒரே ஒரு அளவை மட்டும் குறித்தது. குடும்பத்தின் பொதுச்சாயலுக்கு ‘டைப்ஃபேஸ்’ என்று பெயர். இன்று இரண்டையும் ‘எழுத்துரு’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

ஒவ்வொரு அளவையும் கையால் தனியாகச் செதுக்கியதால், சிறிய அளவுக்கு வேண்டிய மாற்றங்களைச் செதுக்குபவர் செய்துவிடுவார். கோடுகளைச் சற்றுத் தடிப்பாக்குவார், எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தைத் திறந்துவிடுவார், எழுத்துகளுக்கிடையே கொஞ்சம் காற்று விடுவார். பெரிய அளவில் கோட்டை மயிரிழையாக்கித் தன் திறமையைக் காட்டிக்கொள்வார். பெயர் ஒன்று, வரைவு வேறு வேறு.

தமிழுக்கும் இந்த அளவுப் பிரச்சினை ஆரம்பத்திலேயே வந்தது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறிஸ்தவ நூல் தமிழ் எழுத்தில் அச்சானது. பின்னர் 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடியில் இருந்த மதபோதகர்களின் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தன. எழுத்துகள் பெரியவை, அவற்றை வைத்துப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது. அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் வேலையை முடித்தார்கள். பெரிய எழுத்தைச் ‘சுருக்க’ முடியாத காலம் அது. சிறிய எழுத்தைப் புதிதாகச் செய்யத்தான் வேண்டும்.

சுருக்கும் வசதி 1885இல் வந்தது. அமெரிக்கரான லின் பாய்ட் பென்டன் காப்புரிமை பெற்ற எந்திரம், ஒரே வரைபடத்தின் மேல் ஊசியை ஓட்டி வேண்டிய அளவில் எஃகைச் செதுக்கியது. நல்ல பட்டறைகள் அப்போதும் அளவுக்கேற்ப வரைபடத்தை மாற்றித்தான் வைத்திருந்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுவில், உலோகத்துக்குப் பதில் ஒளிப்படத்தால் எழுத்தைக் கோக்கும் ஒளியச்சு முறை வந்தபோது அந்தக் கவனமும் தேய்ந்தது. ஒரே படச்சுருளை லென்ஸ் வழியாகப் பெருக்கிச் சுருக்கினால் போதும் என்றாகிவிட்டது. கணினி அதையே எல்லோர் கையிலும் கொடுத்தது.

இழந்ததை எல்லோரும் மறந்துவிடவில்லை. 1970களில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி தன் எண் ஏட்டுக்காக எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டரிடம் எழுத்து கேட்டது. மட்டமான தாள், வேகமான அச்சு, எழுத்தளவு 6 பாயிண்ட். அவர் வரைந்த ‘பெல் சென்டெனியல்’ எழுத்துருவில் கோடுகள் கூடும் மூலைகளையெல்லாம் வெட்டி எடுத்திருப்பார். மை பரவி அந்த வெட்டுகளை நிரப்பும். தாளில் எழுத்து ஒழுங்காக நிற்கும். அச்சில் நேரப்போகும் பிழையை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட வரைவு அது. அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிச் சுவரொட்டி செய்பவர்களும் இருக்கிறார்கள். எலி கடித்த எழுத்து போல இருக்கும். அதற்கும் ரசிகர்கள் உண்டு.

பாயிண்ட் கணக்கிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. கணினியில் ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. ஆனால் 10 பாயிண்ட் என்பது எழுத்தின் உயரமல்ல. அன்று எழுத்து நின்ற உலோகக் கட்டையின் உயரம். கட்டைக்குள் எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது வரைந்தவரின் விருப்பம். ஆகவேதான் ஒரே 10 பாயிண்டில் ஒரு தமிழ் எழுத்துரு தாராளமாகவும் இன்னொன்று குன்றிப்போயும் தெரிகிறது. ‘குறைந்தது 10 பாயிண்டில் அச்சிடுக’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று நினைப்பவர்கள் எழுத்துருவின் பெயரையும் சேர்த்து எழுதுவது நல்லது.

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. நம் எழுத்து மேலும் கீழும் வளர்வது. ‘கீ’யின் கொக்கி மேலே ஏறும், ‘கு’வின் வளைவு கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் பழகிய மென்பொருள் தானாகக் கொடுக்கும் வரியிடைவெளி ஏறக்குறைய எழுத்தளவின் 120 சதவீதம். நான் தமிழுக்கு 140க்குக் கீழே இறங்குவதில்லை. வயதானவர்கள் படிப்பது என்றால் 150. பக்கம் கூடிவிடும் என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். எழுத்தளவைக் குறைத்தாவது வரியிடைவெளியைக் காப்பாற்றுவேன். மேல்வரியின் உகரமும் கீழ்வரியின் இகரமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் கண் வரி மாறி ஓடும்.

இருபக்கமும் சமமாக நிரவிய பத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் ஒரு வரிக்கு மூன்று சொல் விழுந்தால், மிச்ச இடமெல்லாம் இரண்டு இடைவெளிகளில் போய்ச் சேர்ந்து பல் விழுந்த வாய் போலாகிவிடும். ஐரோப்பாவில் அச்செழுத்து முறையைத் தொடங்கிய கூட்டன்பர்க்குக்கும் இதே தலைவலி இருந்தது. 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் அவர் முடித்த விவிலியத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட அச்செழுத்து வகைகளை வார்த்திருந்தார். அவற்றில் பல, ஒரே எழுத்தின் அகல வேறுபாடுகளும் கூட்டெழுத்துகளும். வரியை நிரப்ப அவர் எழுத்தை மாற்றினார். நாம் வெற்றிடத்தை இழுக்கிறோம். அவரைப் போல எழுத்தை மாற்றும் வசதி இல்லாதவரை, குறுகிய பத்தியை இடப்பக்கம் மட்டும் சீராக வைத்து, வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டுவிடுவதே மேல்.

ஒரே எழுத்துருக் கோப்புக்குள் தடிப்பையும் அகலத்தையும் மாற்றிக்கொள்ள விடும் ‘வேரியபிள் ஃபான்ட்’ முறை 2016இல் அறிவிக்கப்பட்டபோது, அளவுக்கேற்ப வடிவத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் அதில் இடம்பெற்றது. செதுக்குபவர் உளியால் செய்ததை இப்போது கோப்பே செய்யலாம். ஆனால் அந்த மாற்றங்களை யாராவது உட்கார்ந்து வரைய வேண்டுமே. எனவே என் பழைய சோதனையைக் கைவிடவில்லை.

எழுத்துருவைத் தேர்ந்ததும், அச்சாகப்போகும் அதே அளவில் ஒரு பக்கத்தை எடுத்து நகலெடுப்பேன். நகலை மறுபடி நகலெடுப்பேன். மூன்றாவது நகலைக் கை நீட்டும் தூரத்தில், மங்கிய வெளிச்சத்தில் படிப்பேன். பத்தியைப் படிப்பதில்லை, பத்தியில் கண் ஊகித்துக் கடந்துவிடும். தனிச்சொற்களை வைப்பேன்: பணி, பனி; கணம், கனம்; கொடு, கோடு. ஊகத்துக்கு இடமில்லாத இடத்தில் எழுத்து தன் காலில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். மெல்லிய எழுத்துருவில் முதலில் அடைபடுவது மூன்று சுழி ணகரத்தின் நடுச்சுழி. அடுத்து இரட்டைக் கொம்பின் உட்சுழி மூடி, ஒற்றைக் கொம்பு போலாகும். வளையமாக வரைந்த புள்ளி கறுத்துக் குறுகும்.

கடைசி வரியில் 2.5 என்று ஒரு முறையும் 0.5 என்று ஒரு முறையும் போட்டு வைப்பேன். சுழியத்தை விட்டுவிட்டு .5 என்று மட்டும் எழுத நான் சம்மதிப்பதில்லை. புள்ளி போனால் அது 5 ஆகிவிடும். 5.0 என்றும் எழுத விடமாட்டேன். அங்கே புள்ளி போனால் 50. அந்தத் துண்டறிக்கையை வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக மாற்றி, ‘2.5 மி.லி. (இரண்டரை)’ என்று எழுத்திலும் சேர்த்து அனுப்பினேன். கருநீலம் போனதில் வாடிக்கையாளருக்கு வருத்தம்தான். மறு மெய்ப்பில் அந்த அம்மா எண்களைக் கடந்துபோய், வேறொரு வரியில் ‘ண’வை வட்டமிட்டு அனுப்பியிருந்தார்.