பெரிய வெர்ஷன்தான் ஜெயிக்கும் என்று யார் சொன்னது?

ஜாவா புராஜெக்ட்களில், எல்லா அப்ளிகேஷனுக்கும் லைப்ரரி வெர்ஷன்களைச் சொல்லும் பொதுப் பட்டியலில் ஒரு வெர்ஷனை ஏற்றிவிட்டு, எல்லா அப்ளிகேஷனும் சரியாகிவிட்டது என்று டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். அடுத்த செக்யூரிட்டி ஸ்கேனில் பழைய ஜார் (லைப்ரரியின் ஃபைல்) அப்படியே நிற்கிறது. எத்தனை டீமுக்குத்தான் இதையே சொல்வது?

ஒரே லைப்ரரி இரண்டு வெர்ஷனில் வந்தால் பில்ட் டூலான மேவன் புதியதை எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறீர்கள். எடுக்காது. அது கிரேடில் என்ற இன்னொரு பில்ட் டூல் செய்கிற வேலை. மேவன் எண்ணைப் பார்ப்பதில்லை, உங்கள் அப்ளிகேஷனிலிருந்து எத்தனை படி தள்ளி என்ற தூரத்தைப் பார்க்கிறது. நீங்கள் சேர்த்த ஒரு லைப்ரரி நேராக குவாவா என்ற லைப்ரரியின் 20.0 கேட்கிறது, இன்னொன்று தன் துணை லைப்ரரி வழியாக 31.1 கேட்கிறது. உள்ளே வருவது 20.0. கிட்டத்தில் இருப்பது அதுதான். இரண்டும் ஒரே தூரம் என்றால், மேவனின் அமைப்பு ஃபைலான போம் ஃபைலில் முதலில் எழுதியது வரும். ஆமாம், இரண்டு வரிகளை மேலும் கீழும் மாற்றினாலே ஜார் மாறும்! கம்பைல் ஆகும், டெஸ்டும் பாஸாகலாம். கூப்பிட்ட மெத்தட் பழைய ஜாரில் இல்லாமல் புரொடக்‌ஷனில்தான் 'நோ சச் மெத்தட் எரர்' வரும்.

போம் ஃபைலின் டிபெண்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில், அதாவது அந்தப் பொதுப் பட்டியலில், வெர்ஷனை எழுதினால் இந்தத் தூரக் கணக்கு அடங்கிவிடும். ஆனால் அப்ளிகேஷன் நேராகக் கேட்கும் லைப்ரரியின் (டிபெண்டன்சி) வரியிலேயே யாராவது வெர்ஷன் எண் போட்டிருந்தால் உங்கள் பட்டியல் செல்லாது. அந்த எண்களைத் தேடி அழியுங்கள். 'அவசரத்துக்குப் போட்டது' என்ற கமென்ட்டோடு இருப்பவற்றை முதலில்.

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் தனிப் பொறி ஒன்று உண்டு. அதன் ஸ்டார்ட்டர் பேரன்ட்டை உங்கள் போமுக்குப் பேரன்ட்டாக வைத்திருந்தால், லாக் எழுதும் லைப்ரரியான லாக்ஃபோர்ஜேயின் வெர்ஷன் ப்ராப்பர்ட்டியை மாற்றினால் போதும். ஸ்பிரிங் பூட்டின் வெர்ஷன் பட்டியலை இம்போர்ட் மட்டும் செய்திருந்தால் அந்த ப்ராப்பர்ட்டியை மேவன் கண்டுகொள்ளாது. லாக்ஃபோர்ஜேயின் பட்டியலை ஸ்பிரிங் பூட் பட்டியலுக்கு மேலே இம்போர்ட் செய்ய வேண்டும். லாக்ஃபோர்ஜேயில் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்த 2021 டிசம்பரில் 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று ஒரே மாதத்தில் நான்கு முறை ஏற்ற வேண்டியிருந்ததே, அப்போது இது தெரியாதவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பில்டின்போது விதிகளைச் சோதிக்கும் மேவனின் என்ஃபோர்சர் பிளகினில் 'ரிக்வயர் அப்பர் பவுண்ட் டெப்ஸ்' விதியைப் போடுங்கள். கேட்டதைவிடப் பழைய வெர்ஷன் வந்தால் பில்டே நிற்கும். நின்றால் விதியைத் தூக்காதீர்கள், தயவுசெய்து. வெர்ஷன் வரம்புகளும் (இதிலிருந்து அதுவரை எதுவும் சரி என்பது) ஸ்னாப்ஷாட்டும் (இன்னும் மாறிக்கொண்டிருக்கும் வெர்ஷன்) ரிலீஸில் வேண்டவே வேண்டாம். எந்த லைப்ரரி எதன் வழியாக வருகிறது என்று மேவன் காட்டும் டிபெண்டன்சி ட்ரீயோடு நிறுத்தாமல், பில்டில் வந்த ஸ்பிரிங் பூட் ஜாரைத் திறந்து பூட்-இன்ஃப் உள்ளே லிப் ஃபோல்டரையும் பாருங்கள். ஷேடு செய்த, அதாவது வேறு லைப்ரரிகளையும் தனக்குள் சேர்த்துக் கட்டிய, ஜாருக்குள் பொதிந்த லைப்ரரி அந்த ட்ரீயில் வராது, அதைத் தயாரித்தவர் புது வெர்ஷன் வெளியிட்டால்தான் மாறும்.