ஹப் மோட்டார் ‘மைய மோட்டார்’ அல்ல

மின் சைக்கிள் கையேடுகளில், சக்கரத்தின் நடுவிலேயே பொருத்தும் ஹப் மோட்டாரை ‘மைய மோட்டார்’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். அகராதியில் ‘மையம்’ என்று கண்டதும் தேடலை நிறுத்திக்கொண்டதன் விளைவு. ஆங்கிலத்தில் ஹப் என்பது முதலில் வண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டை. வணிக மையம், போக்குவரத்து மையம் எல்லாம் பிறகு ஏறிய பொருள். அந்த நடுக்கட்டைக்கு மாட்டுவண்டித் தச்சரிடம் பெயர் இருக்கிறது: குடம். அச்சு, கடையாணி, ஆரக்கால், வட்டை எல்லாம் அதன் உறவுகள்.

வெறும் சொல்லழகுச் சண்டை என்றால் விட்டுவிடலாம். ஆனால் சட்டகத்தின் நடுவே, பெடல் அச்சில் பொருத்தும் இன்னொரு வகை மோட்டார் உண்டு. ‘மைய மோட்டார்’ என்றால் வாசகர் அதைத்தான் நினைப்பார். அது சங்கிலி வழியாக இழுப்பதால் மேட்டில் கியரை மாற்றினால் பலன் உண்டு. சங்கிலியும் சீக்கிரம் தேயும். ஹப் மோட்டாருக்குச் சங்கிலியோடு பேச்சே இல்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியதும் வேறு: ஹப் மோட்டாருக்குச் சக்கரம் உட்காரும் ஃபோர்க் இடைவெளி (பெரும்பாலும் முன்னால் 100 மி.மீ., பின்னால் 135 மி.மீ.), மற்றதற்குப் பெடல் அச்சுக்கூட்டின் அகலம்.

குடம் என்று சொன்னால் அமைப்பே விளங்கிவிடுகிறது. வண்டியில் அச்சு நிற்கும், குடம் சுற்றும். கியர் இல்லாத ஹப் மோட்டாரிலும் அப்படியே. செம்புச் சுருள்கள் அச்சோடு நிற்க, காந்தங்கள் ஒட்டிய எஃகு வளையம் குடத்தோடு சுற்றுகிறது. குடத்தை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு எதிர்முறுக்கு அச்சுக்கு வரும். 12 மி.மீ. அச்சை இருபுறமும் 10 மி.மீ. அளவுக்குத் தட்டையாக்கி ஃபோர்க் வெட்டில் உட்கார வைப்பது இதற்காகத்தான். 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்றால் அந்தத் தட்டை முகங்களில் சில ஆயிரம் நியூட்டன் விசை. அலுமினிய ஃபோர்க்கில் முறுக்குத் தாங்கி (அச்சு சுழலாமல் ஃபோர்க்கோடு பிணைக்கும் இரும்புக் கை) போடாமல் விட்டால் வெட்டு அகன்று, அச்சே சுழன்று, அதன் துளை வழியே வரும் மூன்று தடித்த கம்பிகளையும் ஐந்து மெல்லிய உணரிக் கம்பிகளையும் முறுக்கி அறுத்துவிடும். ‘மையம்’ ஒரு புள்ளி. அதில் எது நிற்கிறது, எது சுற்றுகிறது என்று எப்படிச் சொல்வது?

குடம் என்றால் தண்ணீர்க்குடம் நினைவுக்கு வருமாம். வீணைக்கும் குடம் உண்டு; யாரும் அதில் தண்ணீர் மொள்ளவில்லை. ‘குட மோட்டார்’ என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் எங்கே? மோட்டாரை மின்னோடி ஆக்கினாலும் சரி, எனக்கு வழக்கில்லை.

இதே கையேடுகளில் இன்னொரு கொடுமை, ‘நிலையான காந்தம்’. மின்சாரம் இல்லாமலே காந்தமாக இருப்பது என்பது பொருள். வாசகருக்கோ அசையாமல் நிற்பது என்று படுகிறது. பழைய வைப்பர் மோட்டாரில் காந்தங்கள் உண்மையிலேயே நிற்கும், சுருள்தான் சுழலும், அதனால் கார்பன் பிரஷ் வேண்டும். குட மோட்டாரில் நேரெதிர். ‘நிரந்தரக் காந்தம்’ வடமொழி என்று தள்ளுவோர் ‘நிலைகாந்தம்’ என்று ஒரே சொல்லாக எழுதட்டும். அந்த ‘ஆன’ மட்டும் வேண்டாம். ஹோவர்போர்டு எனும் இருபக்கச் சக்கரப் பலகைகளில் பரவலாக வரும் குட மோட்டாரில் சுருள் சுற்றிய இரும்புப் பல் 27, காந்தம் 30. சுற்றுபவை அந்த முப்பதும்தான்.