சுழல மறுத்த டிஸ்க்

யுஎஸ்பி வழியாக இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றின் பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்து, உள்ளே இருந்த டிஸ்க்கை என் பழைய மேசைக் கணினிக்குள் மாற்றினேன். கூட்டோடு வாங்கினால் சில சமயம் விலை குறைவு என்பதால் பலரும் செய்கிற வேலைதான். நான்கு திருகுகளை முடுக்கினேன். டேட்டா கேபிள் பொருந்தியது, பவர் கேபிளும் இறுக்கமாகச் சென்று அமர்ந்தது. கணினியை இயக்கினால் டிஸ்க்கில் மூச்சே இல்லை. விரல் வைத்துப் பார்த்தேன், அதிர்வும் இல்லை. பத்து நிமிடத்துக்கு முன்பு கூட்டுக்குள் ஒழுங்காகச் சுழன்றது, என் கை பட்டுச் செத்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். கூட்டைப் பிரித்த கையோடு வாரண்டி கேட்கப் போகவும் முகமில்லை.

டிஸ்க் சாகவில்லை. சுழலாதே என்று என் கணினியே அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் பொது முறைக்குச் சாட்டா என்று பெயர். சாட்டா டிஸ்க்கின் பின்புறம் இரண்டு வாய்கள் இருக்கும். சிறியதில் 7 தங்கநிறப் பட்டைகள். தகவல் போய்வரும் வழி. பெரியதில் 15 பட்டைகள். மின்சாரம் வரும் வழி. அந்தப் பதினைந்தில் 12 வோல்ட் மோட்டாரைச் சுழற்றுகிறது, 5 வோல்ட் மின்னணுச் சுற்றுக்குப் போகிறது. முதல் மூன்று பட்டைகளுக்கு 3.3 வோல்ட் என்று ஆரம்பகால விதிமுறை ஒதுக்கியிருந்தது. மேசைக் கணினி டிஸ்க்குகள் அதைப் பயன்படுத்தியதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனாலும் பவர் சப்ளை பெட்டிகளைத் தயாரிப்பவர்கள் விதியை மதித்து ஓர் ஆரஞ்சுநிறக் கம்பியில் அதைக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள்.

யாருக்கும் தேவைப்படாத அந்த மூன்றாவது பட்டைக்கு, 2016இல் வந்த சாட்டா விதிமுறையின் 3.3ஆம் பதிப்பு புதிய வேலை கொடுத்தது. அதில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான டிஸ்க்குகள் ஓடும் தரவு மையத்தில் ஒன்று உறைந்துபோனால், ஆள் போய்ப் பிடுங்கிச் செருகாமல் தொலைவிலிருந்தே அணைத்து எழுப்ப இது வசதி. அத்தகைய டிஸ்க்தான் என் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்திருக்கிறது. என் பழைய பவர் சப்ளை வழக்கம்போல மூன்றாவது பட்டைக்கு 3.3 வோல்ட் அனுப்ப, டிஸ்க் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து படுத்திருந்தது. இரண்டு பேரும் விதிப்படிதான் நடந்தார்கள். படித்த பதிப்புதான் வேறு.

தீர்வு சிரிப்பூட்டும். வெப்பம் தாங்கும் பாலிஇமைடு டேப்பில் மெல்லிய கீற்று ஒன்றை நறுக்கி, அந்தப் பட்டையின் மேல் ஒட்டினேன். ஒரு பட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் மூன்றையும் சேர்த்தே மூடினேன், முதல் இரண்டும் எப்படியும் சும்மாதான் கிடக்கின்றன. டிஸ்க் சுழன்றது.

செருகி பொருந்திவிட்டால் வேலை செய்யும் என்ற நம்பிக்கை கணினிக்குள் இப்படி அடிக்கடி அடிவாங்கும். மதர்போர்டில் இருக்கும் எம்.2 என்ற துளையும் அப்படித்தான். சூயிங்கம் பட்டை அளவுள்ள எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத சேமிப்பான், அதில் கச்சிதமாக உட்காரும். ஆனால் சாட்டா மொழி பேசும் எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ என்ற வேறு மொழி பேசுவதும் உண்டு. சில மதர்போர்டுகளின் துளைக்கு இரண்டாவது மட்டும்தான் புரியும். வேறு சில போர்டுகளில் எம்.2 துளையை நிரப்பினால் சாட்டா இணைப்பு ஒன்று ஓசையில்லாமல் அணைந்துபோகும். கையேட்டின் அடிக்குறிப்பில் அது அச்சிடப்பட்டிருக்கும். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?

இவையெல்லாம் எரிச்சலோடு போய்விடும். உண்மையில் ஆபத்தானது வேறு ஒன்று. கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட பவர் சப்ளைகளில், டிஸ்க் பக்க முனைக்குத்தான் பொது விதி உண்டு. பவர் சப்ளை பக்க முனையில் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பது தயாரிப்பாளரின் இஷ்டம். பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகினால் சில சமயம் பொருந்தவும் செய்யும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க்கின் சுற்று எரியும். பவர் சப்ளையை மாற்றினால் கேபிள்களையும் சேர்த்து மாற்றுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

எண்களிலும் இதே பொருத்தமின்மை உண்டு. மூன்று டெராபைட் டிஸ்க்கை ஒரு பழைய யுஎஸ்பி பெட்டியில் போட்டால் 746 ஜிகாபைட் என்று காட்டும். ஏன் அந்த விசித்திர எண்? டிஸ்க் 512 பைட் கொண்ட செக்டார்களாகக் கணக்கிடப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டு எண். பழைய பெட்டிக்கு 32 பிட் அளவுக்குத்தான் எண்ணத் தெரியும். அதாவது சுமார் 429 கோடி வீடுகள், 2.2 டெராபைட். அதைத் தாண்டியதும் பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் போல மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். மூன்றிலிருந்து 2.2ஐக் கழித்த மிச்சம் சுமார் 800 ஜிகாபைட்; கணினி ஆயிரத்துக்குப் பதில் 1024இன் மடங்குகளாக எண்ணுவதால் அதுவே திரையில் 746 ஆகத் தெரிகிறது. இதற்கு முந்தைய தலைமுறையில் வீட்டு எண் 28 பிட்; எல்லை 137 ஜிகாபைட். அங்கே எல்லையைத் தாண்டி எழுதிய தகவல் சுற்றிவந்து டிஸ்க்கின் முதல் செக்டார்கள் மேலேயே விழுந்து, கோப்புகளின் அட்டவணையையே அழித்த கதைகள் உண்டு. பழியை டிஸ்க்தான் சுமந்தது.

அப்படியானால் டிஸ்க் உண்மையிலேயே நோயுற்றிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்மார்ட் என்ற பெயரில் டிஸ்க் தானே ஒரு நாட்குறிப்பு எழுதுகிறது. அதைத் திறந்து படிக்க இலவச மென்பொருள்கள் உண்டு. நான் முதலில் பார்ப்பது மூன்று வரிகள். 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்குக் குடிபெயர்ந்த செக்டார்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. இந்த இரண்டும் ஏறிக்கொண்டே போனால் அன்றே நகல் எடுத்துவிட வேண்டும். 199 வேறு வகை: கேபிளில் வரும் வழியில் சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை. சிதைந்ததை மறுபடி அனுப்பிவிடுவதால் வெளியே தெரிவது மந்தம் மட்டும்தான். இதற்காக டிஸ்க்கை மாற்றியவர்கள் புது டிஸ்க்கிலும் அதே மந்தத்தைப் பார்த்திருப்பார்கள்; மாற்ற வேண்டியது பெரும்பாலும் கேபிள்.

நாட்குறிப்பையும் முழுதாக நம்ப முடியாது. கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம் என்று தயாரிப்பாளர்கள் சொல்லும் ‘பத்து லட்சம் மணி நேரம்’ இன்னும் வேடிக்கை. கணக்குப் போட்டால் 114 ஆண்டுகள். தாத்தா வாங்கியதைப் பேரன் ஓட்டலாம் போலிருக்கும். அது கூட்டத்துக்கான எண். ஆயிரம் டிஸ்க்குகள் ஓராண்டு இடைவிடாமல் ஓடினால் ஒன்பது செத்துப்போகும் என்பதே அதன் பொருள். நடைமுறையில் இன்னும் சற்று அதிகம்: லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் கணக்கை வெளியிடும் பேக்பிளேஸ் நிறுவனத்தில் 2023இல் நூற்றுக்கு 1.4 செத்தன. அந்த 1.4இல் உங்களுடையது உண்டா என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

டேப் ஒட்டிய என் டிஸ்க்கை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். 5இலும் 197இலும் பூஜ்யம். 199இல் 14 என்று இருந்தது. கேபிள் மடங்கிக் கிடந்ததைப் பார்த்து மாற்றினேன். அந்த எண்ணிக்கை இறங்காது, ஏறாமல் இருந்தால் போதும். இந்த வாரமும் 14தான்.