குற்ற மீட்சி அல்ல, மீள்குற்றம்

போன கிழமை திருகோணமலையில் சிறுவர் பாதுகாப்புக் கூட்டமொன்றில் ஒரு தாள் தந்தார்கள். 'பாலியல் குற்றவாளிகளிடையே குற்ற மீட்சி வீதம் குறைவு' என்று அதில் இருந்தது. பக்கத்தில் இருந்த அக்கா வாசித்துவிட்டு, "அப்ப இவங்கள் திருந்தவே மாட்டாங்களோ?" என்று கேட்டார். தாள் சொல்ல வந்ததோ நேர் எதிரானது: மறுபடி குற்றம் செய்பவர்கள் குறைவு என்று. இந்தச் சொல்லால் இப்படி ஆவதை நான் பார்ப்பது முதல் தடவையும் அல்ல.

குற்ற மீட்சி என்று மொழிபெயர்த்த ஆங்கில மூலச்சொல் ரெசிடிவிசம் (recidivism). திரும்ப விழுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. தண்டனை பெற்றவர் மறுபடி குற்றம் செய்வதைக் குறிக்கிறது.

சரி, ஆள் என்பதிலிருந்து ஆட்சி வருவது போல மீள் என்பதிலிருந்து மீட்சி வரும், இலக்கணத்தில் பிழையில்லை. திரும்பி வருதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆனால் நம் காதில் மீட்சி என்றால் விடுதலை. நோயிலிருந்து மீட்சி, கடனிலிருந்து மீட்சி என்கிறோம். அடகு வைத்த நகையை மீட்கிறோம். தேவாலயத்தில் இயேசுவை மீட்பர் என்கிறார்கள். இந்த வரிசையில் குற்ற மீட்சி வந்தால், குற்றத்திலிருந்து விடுபடுதல் என்றுதான் யாரும் எடுப்பார்கள். அந்த அக்காவில் பிழையே இல்லை.

மீள்குற்றம் என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது. மீள்குடியேற்றம் என்றால் மறுபடி குடியேறுவது என்று, போரில் இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய சம்பூர்ச் சனத்துக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வினையாக வேண்டுமென்றால் 'மீளக் குற்றமிழைத்தல்'.

சிலர் 'பழக்கக் குற்றவாளிகளின் வீதம்' என்றும் எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். ஒரே ஒரு தடவை திரும்பச் செய்தவருக்கும் பழக்கம் என்று முத்திரை குத்திவிடுகிறது.

மீள்குற்றம் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாலும் போதாது. எந்தக் குற்றம், எதை வைத்து எண்ணியது என்பதும் சொல்லில் வர வேண்டும். அமெரிக்காவின் 15 மாநிலங்களில் 1994இல் விடுதலையான 9,691 ஆண் பாலியல் குற்றவாளிகளில், 3 ஆண்டுக்குள் பாலியல் குற்றத்துக்காக மறுபடி கைதானவர்கள் 5.3 சதவீதம். ஏதாவது ஒரு குற்றத்துக்காகக் கைதானவர்கள் என்று எடுத்தால் 43 சதவீதம். இரண்டையும் 'மீள்குற்ற வீதம்' என்றே போட்டால் வாசிப்பவர் எதை நம்புவது? முதலாவதைப் 'பாலியல் குற்ற மறுகைது வீதம்' என்று எழுதுங்கள். கைது என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். பொலிசுக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே அமுங்கிப்போன கொடுமை எதுவும் அந்த எண்ணிக்கையில் இல்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், வாசிக்கப்போகிறவரை நினைப்பதில்லை. அந்தத் தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தாய்க்கு வாசித்துக் காட்டியிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.